குமாரியின் காதும் பித்தளை டம்ளரும்

நூம்பல்
22-8-1993

குமாரியின் அப்பா அவர்களுக்கு,

நாங்கள் இங்கே நலம். உங்கள் நலத்தைக் கேட்க எனக்கு மனசில்லை. இருந்தாலும் கடிதம் என்றால் கேட்டே தீர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். கேட்டுவிட்டேன்.

நீங்கள் ஷிப்ட் முடிந்து வந்து பூட்டைப் பார்த்திருப்பீர்கள். சாவி பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பேபி அக்காவிடம் இருக்கிறது. நாங்கள் அண்ணன் வீட்டில் இருக்கிறோம். அக்காவிடம் ஏதாவது கல்யாணம், காட்சி என்று நீங்கள் கதை சொல்ல வேண்டாம். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் நாளைக்கு நீங்கள் அதை வேறு மாதிரி சொல்வீர்கள். ஜூன் மாதம் குமாரியை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கப் போனோம். தலைமை ஆசிரியை அம்மா, "வலது கையைத் தலைக்கு மேல சுத்தி இடது காதைத் தொடு" என்றார். மற்ற பிள்ளைகள் எல்லாம் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். இவள் கை பாதி வழியில் நின்றுவிட்டது. நீங்கள் அவள் பிறந்த தேதி சர்டிபிகேட்டை நீட்டினீர்கள். "சர்டிபிகேட் வளர்ந்திருக்கு சார், பிள்ளை வளரலையே" என்றார் அந்த அம்மா. உடனே இவள், "என் காது எட்டல மிஸ், ஒங்க காது எட்டுது" என்று மேஜை மேல் எக்கி அவர் காதைக் கம்மலோடு பிடித்து இழுத்துவிட்டாள். அவர் காதைத் தேய்த்துக்கொண்டே, "விஜயதசமிக்குக் கூட்டிட்டு வாங்க. எட்டினா சேத்துக்கறேன்" என்றார்.

அதன் பிறகுதான் டாக்டரம்மாவிடம் போனோம். பிள்ளைக்கு டீயும் பொறை பிஸ்கட்டும் தவிர எதுவும் இறங்குவதில்லை, வாயோரம் புண், கோடையில் விழுந்து அடிபட்ட முழங்கால் இன்னும் ஆறவில்லை, பள்ளிக்கூடம் போகும் முன்பே ஒரு பெட்டி பலப்பத்தைத் தின்று தீர்த்துவிட்டாள் என்று எல்லாம் சொன்னேன். அவர் கண்ணையும் நாக்கையும் பார்த்துவிட்டு, "ஜிங்க் சத்து கம்மின்னு தோணுது. காப்பரும் கொஞ்சம் கம்மியா இருக்கலாம். சிரப் எழுதறேன், சாப்பாட்டை மாத்தணும்" என்றார். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் உங்கள் காதில் ஏறவில்லை. வெளியே வந்ததும், "ஜிங்க்கும் காப்பரும் சேந்தா இன்னா தெரியுமாடி? பித்தளை! நான் டெய்லி கடையறதே அதான்!" என்று ரோட்டில் நின்று சிரித்தீர்கள்.

உங்கள் கூட்டாளி வேம்புலியின் லேத் பட்டறையில் பித்தளைத் தடி வாங்கி, டம்ளர் கடைந்து, குமாரி என்று பேரும் வெட்டிக்கொண்டு வந்தீர்கள். ஈயம் பூசாத பித்தளையில் புளிப்பு வைக்கக் கூடாது என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "ஈயம் பூசினா சத்து எப்பிடி எறங்கும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டீர்கள். எலுமிச்சம்பழச் சாற்றை விடிய விடிய அதில் ஊறவைத்து, நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்துக் கொடுத்தீர்கள். பிள்ளை எடுத்த வாந்தியை நான் எழுதப்போவதில்லை. படிக்கட்டைக் கழுவியவள் நான்.

அன்றைக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன். இவள் கை காதைத் தொட்டால்தான் நான் அந்தப் படி ஏறுவேன். விஜயதசமிக்குள் தொடவில்லை என்றால் அடுத்த வருஷம் இங்கே நூம்பலிலேயே சேர்த்துவிட்டு இங்கேயே இருந்துகொள்வேன். நீங்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். "மாப்ள வந்தா அதே டம்ளர்ல அவருக்கும் ஊத்திக் குடுக்கறேன்" என்று கஜபதி அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்லண்டில் இடமில்லை. கோபம் இன்னும் இருக்கிறது.

குமாரியின் அம்மா

*

ஆவடி
27-8-1993

திருமதி புஷ்பா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பதினாறு வருஷமாக டர்னர் வேலை பார்க்கிறவனுக்குப் பித்தளை என்றால் என்னவென்று நூம்பலிலிருந்து பாடம் வந்திருக்கிறது. சந்தோஷம்.

பித்தளையில் காப்பரும் ஜிங்க்கும் இருப்பது பொய்யா? பிள்ளைக்கு அவை இரண்டும் வேண்டும் என்று டாக்டர் சொன்னது பொய்யா? இரண்டு உண்மையைச் சேர்த்து வைத்தது ஒரு குற்றமா? தப்பு எலுமிச்சம்பழத்தில்தான் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்து, நியாயம் கேட்க டம்ளரோடு டாக்டரம்மாவிடமே போனேன்.

அவர் டம்ளரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா செஞ்சிருக்கீங்க" என்றார். நான் மார்பை நிமிர்த்தினேன். "இதுல பேனா போட்டு வைக்கலாம்" என்றார்.

அப்புறம் உட்காரவைத்து அரைமணி நேரம் திட்டினார். புளிப்பு பட்டால் பித்தளையிலிருந்து செம்பு கரைந்து இறங்குமாம், அது வயிற்றைப் புரட்டிவிடுமாம். "உடம்பு கேக்கறது கண்ணுக்குத் தெரியாத அளவு. நீங்க இரும்புக்கடைக் கணக்குல குடுத்திருக்கீங்க" என்றார். ஜிங்க் இல்லாவிட்டால் பிள்ளை வளராது, பசிக்காது, நாக்குக்கு ருசி தெரியாது, புண் ஆறாது. காப்பர் ரத்தம் ஊறுவதற்கும் எலும்புக்கும். "ரெண்டையும் அது சாப்பாட்டுலதான் எடுத்துக்கும், பாத்திரத்துல இல்ல. வேர்க்கடலை, கொண்டைக்கடலை, பயறு, எள்ளு, முட்டை, மீன், ஈரல். பயறை ஊறவெச்சு முளைகட்டிக் குடுங்க, சத்து நல்லா ஒட்டும். முதல்ல அந்த டீயை நிறுத்துங்க" என்றார். டீ பழக்கியது நான்தான் என்று அவருக்கு யார் சொன்னது? நீதானே?

சரி. ஒரு அளவு வேண்டும். குமாரியின் நடுவிரலுக்கும் காதுக்கும் நடுவே இப்போது இடைவெளி எவ்வளவு? மில்லிமீட்டரில் எழுதவும். அளவு தெரியாமல் எந்த வேலையும் தொடங்க முடியாது.

இன்னொன்று. உப்பு எங்கே இருக்கிறது? நாலு நாளாக உப்பில்லாமல் தின்கிறேன்.

இப்படிக்கு,
சா. செங்கல்வராயன்

*

நூம்பல்
3-9-1993

குமாரி அப்பாவுக்கு,

உப்பு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. ஹார்லிக்ஸ் உப்பு ஜாடியில் இருக்கிறது. இத்தனை வருஷம் அந்த வீட்டில் யார் சாப்பிட்டது என்றே தெரியவில்லை.

மில்லிமீட்டர் எல்லாம் உங்கள் பேக்டரியில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு வேர்க்கடலை. உரிக்காதது, தோலோடு.

சிரப் கொடுக்கிறேன், குடித்துவிடுகிறாள். டீயை நிறுத்தியதற்கு மூன்று நாள் தெருவே கூடும்படி அழுதாள். சாப்பாடுதான் பெரிய போராட்டம். முட்டையை அவித்துக் கையில் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் வெறுங்கையோடு வந்து நிற்கிறாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளை தேறிவிட்டாள் என்று அண்ணனிடம்கூடச் சொன்னேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அண்ணன் வீட்டு நாய் மினுமினு என்று ஆகியிருக்கிறது. முடி எல்லாம் பளபளக்கிறது, காலில் இருந்த பழைய புண்ணும் ஆறிவிட்டது. அண்ணி அதைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "ஏன்டி, டாக்டரு சொன்னது அத்தனையும் இத்துக்குதான் வேலை செஞ்சுகீது" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சுவரில் அடித்த சுண்ணாம்பைப் பிள்ளை சுரண்டித் தின்கிறாள். விஜயதசமிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது? எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

புஷ்பா

*

ஆவடி
9-9-1993

புஷ்பாவுக்கு,

உப்பு கிடைத்தது. உன் அண்ணி ஹார்லிக்ஸ் விஷயத்தைக் கேட்டால் சிரிப்பாள், சொல்லாதே.

பயப்படாதே. நீ பயந்தால் எனக்கு இங்கே கை ஓடாது. நேற்று ஒரு ஜாபை அளவுக்குக் குறைவாகக் கடைந்து போர்மேனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். வேம்புலிக்கு வீடு வேலப்பன்சாவடி என்பதால் உங்கள் தெரு வழியாகத்தான் போகிறான். அவன் சொன்னது இது: "அண்ணாத்தே, கஜபதி திருவேற்காட்ல செப்புக் காப்பு வாங்கி கொயந்த கையில மாட்டிகீறாரு. காப்பர் சத்து ஏறுதாம்." கை மணிக்கட்டு பச்சை பூத்திருக்கிறதாமே? நான் டம்ளர் செய்தால் கொலைகாரன். உன் அண்ணன் காப்பு போட்டால் தாய்மாமன் பாசம். இதை உன் கடிதத்தில் ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்.

டாக்டரம்மாவிடம் மறுபடி போனேன். ஒரு ஸ்பூன் சிரப்புக்கு இவ்வளவு என்றால் மூணு ஸ்பூன் கொடுத்தால் சீக்கிரம் வளர்வாளே என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஜிங்க் அளவுக்கு மீறினால் காப்பர் உடம்பில் சேர முடியாதாம். எனக்கு நம் பேக்டரி கேட்தான் ஞாபகம் வந்தது. காலை ஷிப்டில் ஒரு செக்‌ஷன் ஆட்கள் கூட்டமாக முட்டிக்கொண்டு நுழைந்தால், மற்ற செக்‌ஷன் ஆள் வெளியே நின்று லேட் ஆகிறான் அல்லவா, அதேதான். ஆகவே எழுதிய அளவுதான், எழுதிய நாள் வரைதான். நீ அவசரப்பட்டு அதிகம் ஊற்றிவிடாதே. (நீ ஊற்றமாட்டாய். நான்தான் ஊற்றியிருப்பேன்.)

வேம்புலியிடம் ஒரு பை கொடுத்தனுப்புகிறேன். வேர்க்கடலை வறுத்து, எள்ளு சேர்த்து, வெல்லப் பாகில் நானே உருண்டை பிடித்தேன். முதல் தடவை பாகு கல்லாகிவிட்டது, இரண்டாவது தடவை ஒட்டிக்கொண்டது, மூன்றாவதுதான் உருண்டை. எல்லாம் ஒரே விட்டம், வேண்டுமானால் அளந்து பார். கடிதத்தையும் கொண்டுபோடா என்றால், "புருசன் பொண்டாட்டி சண்டையில நான் தபால்காரன் ஆவமாட்டேன், உருண்டைய மட்டும் எட்துகினு போறேன்" என்கிறான்.

நாய்க்குக் கொடுக்க வேண்டாம்.

செங்கல்வராயன்

*

நூம்பல்
20-9-1993

குமாரி அப்பாவுக்கு,

காப்பைக் கழற்றியாகிவிட்டது. அண்ணன் அதைத் தன் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டார். அந்தக் காப்பு யாரையும் வாந்தி எடுக்கவைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

உருண்டை வந்தது. குமாரி ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். நக்கினாள். ஓரத்தில் கடித்தாள். நாய் பக்கத்தில் வந்து நின்றது. இவள் அதைப் பார்த்தாள், அது இவளைப் பார்த்தது. நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவள் திரும்பி உட்கார்ந்து முழுசையும் தின்றுவிட்டாள்! "நைனா செஞ்சதா? இன்னொண்ணு" என்றாள். நாய் அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை.

இன்னொரு விஷயம். போன வாரம் ஒரு நாள் மீன் குழம்பு. வழக்கம்போல நான் ஊட்ட, வழக்கம்போல இவள் மரக்கட்டை மாதிரி வாயைத் திறந்து வைத்திருந்தாள். திடீரென்று, "ஆத்தாடி, கார்க்குது!" என்று கத்திக்கொண்டு தண்ணீருக்கு ஓடினாள். எங்களுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் உப்பு, புளி, காரம் என்று அவள் எதையாவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? என்ன போட்டாலும் ஒன்றுதான் அவளுக்கு. அண்ணன் எச்சில் கையோடு எழுந்து, "கொயந்தைக்கு ருசி வந்துச்சி! கார்க்குதாம்! கார்க்குதாம்!" என்று தெருவில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பிள்ளை காரத்தில் அழுகிறாள், நாங்கள் எல்லாரும் சிரிக்கிறோம். பார்ப்பவர்கள் பைத்தியக்காரக் குடும்பம் என்றுதான் நினைத்திருப்பார்கள். நீங்கள் அங்கே இல்லையே என்று இருந்தது.

முழங்கால் புண் காய்ந்து பொருக்கு விழுந்துவிட்டது. முளைகட்டிய பயறு சாப்பிடுகிறாள். ஈரல் மட்டும் இன்னும் நாய்க்குத்தான்.

இடைவெளி ஒரு உளுந்து. முழு உளுந்து.

புஷ்பா

*

ஆவடி
27-9-1993

புஷ்பாவுக்கு,

"கார்க்குது" என்று எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன். பிறகு பேபி அக்கா வீட்டுக்குப் போய் அவர்களுக்கும் படித்துக் காட்டினேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இன்னும் எத்தினி நாளு தனியா பொங்கித் தின்னப் போறே?" என்று கேட்டார். நான் பேச்சை மாற்றினேன்.

இதோடு இரண்டாவது பை உருண்டை. இந்தத் தடவை கொண்டைக்கடலையும் வறுத்துப் போட்டிருக்கிறேன்.

முழு உளுந்து என்று எழுதியிருக்கிறாய். கறுப்பு உளுந்தா, தோல் நீக்கியதா? வித்தியாசம் இருக்கிறது. அடுத்த கடிதத்தில் தெளிவாக எழுதவும். எட்டியதும் உடனே தெரிவிக்கவும்.

செங்கல்வராயன்

*

நூம்பல்
3-10-1993

கடுகு.

பு.

*

நூம்பல்
11-10-1993

குமாரி அப்பாவுக்கு,

பை வந்தது, உருண்டை நன்றாக இருந்தது. சிரப் முடிந்துவிட்டது, மறுபடி வாங்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியனுப்பிவிட்டார். இனிமேல் சாப்பாடே போதுமாம்.

இடைவெளி இன்னும் கடுகுதான்.

புஷ்பா

*

ஆவடி
15-10-1993

புஷ்பா,

நான் டர்னர். சின்ன அளவில்தான் எனக்குப் பிழைப்பே. வேர்க்கடலை உளுந்தானது, உளுந்து கடுகானது. சரி. ஆனால் தின்கிற பிள்ளைக்குக் கடுகு கடுகாகவே நிற்குமா? நின்றால் ஒன்று பிள்ளை வளரவில்லை, இல்லை அளக்கிற ஆள் சரியில்லை.

பிள்ளை வளர்கிறாள் என்று எனக்குத் தெரியும். எப்படி என்றால், நேற்று வேம்புலியிடம் உருண்டை கொடுத்தனுப்பி, கையில் தருவதற்கு முன்னால் காதைத் தொடச் சொல்லிக் கேள் என்றேன். திரும்பி வந்தவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "அண்ணாத்தே, ஒம் பொண்ணு காத தொடல, புட்ச்சி திருவுது! அப்பறம் என் காதயும் திருவிச்சி!" என்றான். எப்போதிலிருந்து என்று கேட்டானாம். "வினாயகர் கொழுக்கட்ட துன்ன அப்பறம்" என்றாளாம்.

பிள்ளையார் சதுர்த்தி போன மாதம்! உருண்டை தின்ற அதே வாரம்! அப்படியானால் உளுந்தும் பொய், கடுகும் பொய். நீ வைத்த நிபந்தனை, நீ சொன்ன அளவு. பிள்ளை எட்டிவிட்டாள், நீ ஏன் எழுதவில்லை? உனக்கு இங்கே வர விருப்பம் இல்லையா? அப்படி என்றால் நேராகச் சொல்லிவிடு. நான் இங்கே பைத்தியம் மாதிரி வெல்லப் பாகு காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

செங்கல்வராயன்

*

நூம்பல்
19-10-1993

என்னங்க,

எட்டியது உண்மைதான். கொழுக்கட்டை அடுக்கி வைத்திருந்த பானையை எட்டிப் பிடிக்கக் கையைத் தூக்கியவள், அப்படியே தலையைச் சுற்றிக் காதைப் பிடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் மாவுக்கையோடு அவளைத் தூக்கிக்கொண்டு அழுதேன். அன்றைக்கே பையை எடுத்து வைத்துவிட்டேன். அது இன்னும் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது.

பிறகு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். காப்பர் எதற்கு, ஜிங்க் எதற்கு என்று எழுதியிருக்கிறீர்கள். மில்லிமீட்டர் கேட்டிருக்கிறீர்கள். கறுப்பு உளுந்தா, வெள்ளை உளுந்தா என்றுகூடக் கேட்டிருக்கிறீர்கள். உப்பு எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். வா என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை.

எட்டிவிட்டாள் என்று நான் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நிபந்தனைப்படி சாமான் வந்து சேர்ந்த மாதிரி நான் பையோடு வந்து படி ஏறியிருப்பேன். நீங்களும் "வந்துட்டியா, உப்பு ஜாடிய மாத்தி வை" என்றிருப்பீர்கள். கோபித்துக்கொண்டு போனவள் நான்தான். வர வேண்டாம் என்று சொன்னவளும் நான்தான். ஆனால் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்திருக்கிற ஆளை நான் எங்கும் பார்த்ததில்லை! அண்ணி தினமும் வாசலைப் பார்க்கிறாள். அண்ணன்கூட, "மாப்ள ஏன்மா வரவேல்ல, நான் சும்மாதான சொன்னேன்" என்கிறார். நீங்கள் சைக்கிளை மிதித்தால் வந்துவிடுகிற தூரம்தானே இது?

அதனால்தான் ஒவ்வொரு பயறாகக் குறைத்துக்கொண்டு வந்து கடுகில் நிறுத்திவைத்தேன். அந்தக் கடுகு பிள்ளை கையில் இல்லை.

விஜயதசமி ஞாயிற்றுக்கிழமை வருகிறது. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

புஷ்பா

*

நூம்பல்
உன் அண்ணன் வீட்டு வாசல்
23-10-1993

புஷ்பா,

வா.

இதற்கு ஸ்டாம்ப் ஒட்டவில்லை. பட்டறையில் ஆயுத பூஜை முடித்த கையோடு வந்துவிட்டேன். வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் எழுதுகிறேன். உள்ளே வர முடியவில்லை, நாய் விடமாட்டேன் என்கிறது. இரண்டு மாதமாக என் பிள்ளை முட்டையைத் தின்று சிங்கம் மாதிரி இருக்கிறது.

சத்தம் கேட்டுக் குமாரி ஓடிவந்தாள். வந்ததும் என் காதைத் திருகினாள். வலித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வலியால் இல்லை. அவளிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவள் கையில் இருக்கும் பித்தளை டம்ளரைப் பார்த்துப் பதறாதே. பூஜைப் பொரிகடலைதான், நன்றாகக் காய்ந்தது. புளிப்பு எதுவும் இல்லை, சத்தியமாக.

பையை எடுத்துக்கொண்டு வா. வராவிட்டாலும் நான் போகப்போவதில்லை, இங்கேயேதான் நிற்பேன். உப்பு ஜாடியை நானே மாற்றி வைத்துவிட்டேன்.

உன்
செங்கல்வராயன்

பி.கு.: நாளைக் காலை பள்ளிக்கூடத்துக்கு வருகிறோம் என்று தலைமை ஆசிரியை அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். கம்மலைக் கழற்றி வைத்துவிட்டு உட்காரும்படியும் சொல்லியிருக்கிறேன்.